கெங்கசந்திரம் இந்த ஆண்டு எந்தப் பக்கம்

எல்லையின் புதிய வரைவு வெளியான அன்று காலை நாகவேணி வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். முனிராஜ் உள்ளேயிருந்து வந்து போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். ஈரக்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு அவள் குனிந்து படித்தாள். கெங்கசந்திரம், நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள், நவம்பர் ஒன்றாம் தேதி முதல் கர்நாடக மாநிலம். ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்கலாம் என்று கீழே ஒரு வரி.

"நம்ம முறை வந்திருச்சு, வேணி," என்றார் முனிராஜ்.

நகரும் எல்லைச் சட்டம் வந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்பெல்லாம் மாநில எல்லையை மாற்றுவது என்றால் ஒரு தலைமுறைக்கு ஒருமுறை நடக்கிற காரியம். ஐம்பத்தாறில் மொழியை வைத்துப் பிரித்தார்கள். பிறகு அங்கே ஒரு தாலுகா, இங்கே ஒரு தாலுகா என்று கைமாற்றினார்கள். அதன் பிறகும் புதுப்புது மாநிலங்கள் பிறந்தன. ஒவ்வொன்றுக்கும் ஊர்வலம், உண்ணாவிரதம், எரிந்த பஸ், செத்த மனிதர். கடைசியில் எல்லாரும் களைத்துப்போய், இந்த வேலையை மனிதர்கள் கையிலிருந்தே எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். ஜனங்கள் எந்த மொழியில் போன் பேசுகிறார்கள், எந்த ஊர் சந்தைக்குப் போகிறார்கள், எங்கிருந்து பெண் எடுக்கிறார்கள், நோய் வந்தால் எந்தத் திசையில் ஓடுகிறார்கள் என்பதையெல்லாம் ஒரு கணிப்பொறி போன்கள் வழியாக வருடம் முழுக்கக் கவனித்து, யார் யாரோடு சேர்ந்து வாழ்கிறார்களோ அவர்களை ஒரே மாநிலத்தில் வைக்கும். நவம்பர் ஒன்று அன்று புதுக் கோடு. ஏழு வருடத்தில் ஒரு பஸ்கூட எரியவில்லை. நல்ல சட்டம் என்றுதான் நாகவேணியும் நினைத்திருந்தாள்.

அஞ்செட்டி மலைப்பக்கத்தில், காட்டுக்கும் கேழ்வரகு வயலுக்கும் நடுவே இருந்த ஊர் கெங்கசந்திரம். நாகவேணிக்கு வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், படித்தது தமிழ். ஊரில் பாதிப்பேர் அப்படித்தான். எந்த மாநிலத்தில் இருந்தால் என்ன, யானை வருகிற வழி மாறவா போகிறது என்று டீக்கடையில் சிரித்துக்கொண்டார்கள். ரேஷன் அட்டையும் பாடப்புத்தகமும் மாறும், ஒரு வருடம் தடுமாற்றம், பிறகு பழகிவிடும்.

நாகவேணிக்குச் சிரிப்பு வரவில்லை. முனிராஜுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் ஐந்து வருடம். நாகவேணி தன்னுடையதைத் தருவதாகச் சொல்லிப் பரிசோதனைக்குப் போனபோது அவளுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்காக மாநிலப் பட்டியலில் அவர் பெயர் பதிவாகி நான்கு வருடம் ஏழு மாதம் ஆகியிருந்தது. எழுபத்தெட்டாவது ஆளாகத் தொடங்கியவர் இப்போது இரண்டாவது இடத்தில் இருந்தார்.

பட்டியல் அலுவலகத்துக்கு அவள் போன் செய்தாள். ஒரு பெண் பொறுமையாக விளக்கினாள். பட்டியல் மாநிலத்துக்குச் சொந்தமானது. ஊர் போனால் பெயரும் போய்விடும். அங்கே புதிதாகப் பதிவு செய்துகொள்ளலாம், ஆனால் காத்திருந்த காலத்தைக் கூடவே கொண்டுபோக முடியாது. அங்கே அதே ரத்த வகையில் முந்நூறு பேருக்கு மேல் காத்திருக்கிறார்கள். சட்டம் எழுதியவர்கள் ரேஷனை யோசித்தார்கள், நிலப் பத்திரத்தை யோசித்தார்கள், இதை யாரும் யோசிக்கவில்லை என்று அந்தப் பெண்ணே வருத்தப்பட்டாள்.

ஆட்சேப விசாரணை தேன்கனிக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. டோக்கன் வாங்கிக்கொண்டு நாகவேணி மதியம்வரை உட்கார்ந்திருந்தாள். அவளைக் கூப்பிட்ட அதிகாரியின் பெயர் எழில்வேந்தன். முப்பத்தைந்து வயதிருக்கும். காலையிலிருந்து அறுபது பேரிடம் ஒரே பதிலைச் சொன்ன குரல். ஆனாலும் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். வீட்டை ஓசூருக்கு மாற்றிக்கொண்டால் ஆகாதா என்று அவள் கேட்டதற்கு, மூன்று வருட விலாசத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள், இப்போது மாறினாலும் பழைய ஊரோடுதான் சேர்ப்பார்கள் என்றார். பிறகு கெங்கசந்திரத்தின் விவரத்தைத் திரையில் திறந்தார்.

படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். அவளை ஒருமுறை பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"வெள்ளை வேன் ஒண்ணு வாரத்துக்கு மூணு நாள் ஆனேகெரே போகுதே, யாருதும்மா அது?"

"என்னுதுதான் சார். டயாலிசிஸுக்குப் போற வண்டி. எங்க வீட்டுக்காரரோட சேத்து அஞ்சு பேரு. அங்கதான் கிட்ட, பதினெட்டு கிலோமீட்டர். ஓசூர்னா அறுபத்தொண்ணு."

எழில்வேந்தன் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "உங்க ஊரு ரெண்டு பக்கமும் சமமா நிக்குதும்மா. மொழியில சமம், சந்தையில சமம். ஏதோ ஒண்ணு லேசா இழுத்தாலும் சாஞ்சிரும். மருத்துவத்துக்குப் போற பயணத்துக்கு ரொம்ப அதிக எடை வச்சிருக்காங்க. ஒரு தடவை சந்தைக்குப் போறதுக்கு ஒண்ணுன்னா, இதுக்கு நாப்பது. உயிருக்காக ஒருத்தர் எங்க போறாரோ அதுதான் அவரோட இடம்ங்கறது அவங்க எண்ணம். அதுக்கு மேல எடை, கல்யாணத்துக்கும் சாவுக்கும் போறதுக்குத்தான்."

நாகவேணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது மண்டபத்துச் சத்தமெல்லாம் எங்கேயோ தூரத்தில் கேட்பதுபோல இருந்தது.

"அப்போ ஊரை அந்தப் பக்கம் இழுத்தது என் வண்டியா சார்?"

"வண்டி மேல தப்பில்லைம்மா," என்றார் அவர். வேறு யார்மேல் தப்பு என்று அவர் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாது.

கடைசிக் கணக்கு அக்டோபர் பதினைந்தில் முடிகிறது என்றும், கடைசி நாற்பது நாளுக்கு எடை இன்னும் கூடுதல் என்றும், அதை வெளியே சொல்லக்கூடாது என்றும் அவர் சொன்னார். ஆட்சேப மனுவில் முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார். அந்த மனுவை யாரும் படிக்கப்போவதில்லை என்பதை மறைக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து அவள் முனிராஜிடம் சொன்னாள்.  அவர், நானூற்றுச் சொச்சம் குடும்பத்தை என் ரத்தத்தைக் கழுவியே அங்கே தள்ளிட்டேனா என்று கேட்டுவிட்டு லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நாகவேணிக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த நாளே அவள் ஓசூருக்குப் போய் அங்கே இருந்த மருத்துவமனைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். மெஷின்கள் எல்லாம் ஆட்களால் நிரம்பியிருந்தன. ஒரே ஓரிடத்தில் வாரம் இரண்டு முறை மட்டும், அதுவும் எல்லாரையும் ஒரே நாளில் இல்லாமல் பிரித்துப் பிரித்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். மூன்று முறை வேண்டியவர்களுக்கு இரண்டு முறை. மருத்துவர் அதை நல்லதில்லை என்றார். நாற்பது நாள்தானே என்று கேட்டாள். நாற்பது நாளைத் தாங்குகிறவர்களும் உண்டு என்றார்.

வேனில் போகிற மற்றவர்களிடம் அவள் தனித்தனியாக வீட்டுக்குப் போய்க் கேட்டாள். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். இருவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி மறுநாள் சரி என்றார்கள். பட்டுக்கூடு வியாபாரம் செய்துகொண்டிருந்த ஜபருல்லா உடனே ஒப்புக்கொண்டார். அறுபது வயதைத் தாண்டிய கெம்பம்மாவிடம் கேட்கத்தான் அவளுக்குத் தயக்கமாக இருந்தது. கெம்பம்மாவின் ஒரே மகள் ஆனேகெரேயில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். டயாலிசிஸ் முடிந்து மகள் கையால் சாப்பிட்டுவிட்டு வருவது ஒன்றுதான் அவளுக்கு வாரத்தில் இருந்த நல்ல விஷயம். ஊர் அந்தப் பக்கம் போனால் அவளுக்கு லாபமே தவிர நஷ்டம் இல்லை.

"உங்களுக்கு இதுல ஒண்ணுமில்ல கெம்பக்கா. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிருங்க," என்றாள் நாகவேணி.

"முனிராஜு நல்லாகட்டும்," என்றாள் கெம்பம்மா. "எனக்கு ரெண்டு நாள் போதும். தண்ணியக் கொறச்சுக் குடிச்சா ஆச்சு."

செப்டம்பர் முழுக்க நாகவேணி அறுபத்தொரு கிலோமீட்டர் ஓட்டினாள். முனிராஜுக்கும் மற்ற இருவருக்கும் செவ்வாய், வெள்ளி. கெம்பம்மாவுக்கும் ஜபருல்லாவுக்கும் திங்கள், வியாழன். மலைப்பாதையின் வளைவுகளில் அவர்களுக்குக் குமட்டியது. திரும்பி வரும்போது கால் நரம்பு இழுத்துக்கொண்டு முனகினார்கள். முனிராஜின் முகம் வீங்கியது. கெம்பம்மாவின் பாதம் செருப்புக்குள் நுழையவில்லை. ஊரில் விஷயம் பரவி, நிறையப் பேர் ஆனேகெரே சந்தையை விட்டுவிட்டு அஞ்செட்டிக்குப் போகத் தொடங்கினார்கள். போனில் தமிழிலேயே பேசுங்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அண்ணன் தம்பிகள் கூடத் தெலுங்கை விட்டுத் தமிழில் விசாரித்துக்கொண்டார்கள், நாடகத்தில் பேசுவதுபோல. முனிராஜுக்கு அது கூச்சமாக இருந்தது. ஆனால் யாரையும் தடுக்கவில்லை. எழில்வேந்தனிடம் அவள் ஒருமுறை போனில் விசாரித்தாள். கோடு அசைகிறது, விடாதீர்கள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அக்டோபர் ஆறாம் தேதி, திங்கட்கிழமை. கெம்பம்மாவை ஏற்றப் போனபோது அவளுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நேற்றிலிருந்து இப்படித்தான், படுத்தால் அதிகம், உட்கார்ந்தால் பரவாயில்லை என்றாள். ஜபருல்லா அவளைத் தாங்கிப் பின்சீட்டில் உட்கார வைத்தார்.

ஊரைத் தாண்டி இரண்டு கிலோமீட்டரில் பாதை பிரிகிறது. இடதுபக்கம் இறங்கினால் ஆனேகெரே, அரை மணி நேரம். வலதுபக்கம் மலையேறினால் ஓசூர், இரண்டு மணி நேரம். நாகவேணி அங்கே வேனை நிறுத்தினாள். கண்ணாடியில் கெம்பம்மாவைப் பார்த்தாள். கெம்பம்மா கண்ணை மூடியபடி, ஓசூருக்கே போ என்பதுபோல வலதுபக்கம் கையைக் காட்டினாள். ஜபருல்லா நாகவேணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒன்பது நாள் என்று அவள் மனதுக்குள் ஓடியது. வலதுபக்கம் திருப்பினாள்.

நாலாவது வளைவில் கெம்பம்மா ஜபருல்லாவின் தோளில் சாய்ந்தாள். தூங்குகிறாள் என்று அவர் நினைத்தார். ஆறாவது வளைவில்தான் தெரிந்தது.

மகளுக்கு ஜபருல்லாதான் போன் செய்தார். போகிற வழியில் இறந்துவிட்டாள் என்றார், எந்த வழி என்று சொல்லவில்லை. அன்றைக்கும் அதற்குப் பிறகும் அந்தப் பாதைப் பிரிவைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை. நாகவேணியிடம்கூட.

கெம்பம்மாவின் கணவரை அடக்கம் செய்திருந்த இடம் ஆனேகெரேக்குப் பக்கத்தில் இருந்தது. அவளையும் அங்கேதான் வைக்கவேண்டும் என்று மகள் சொன்னாள். கெங்கசந்திரத்தில் கெம்பம்மாவுக்கு எல்லாரும் வேண்டியவர்கள். முந்நூறு பேராவது கிளம்பினார்கள். ட்ராக்டரில், பைக்கில், கிடைத்த வண்டியில். வேனில் உடலை ஏற்றிக்கொண்டு வரமுடியுமா என்று மகள் அழுதுகொண்டே நாகவேணியிடம் கேட்டாள்.

நாகவேணி உள்ளே வந்து முனிராஜிடம் சாவியைக் காட்டினாள். மண்டபத்தில் எழில்வேந்தன் சொன்னது இருவருக்கும் ஞாபகத்தில் இருந்தது. சாவுக்குப் போகிற பயணத்துக்கு மருத்துவத்தையும்விட எடை.

"எல்லாரும் போனா ஒரு மாசம் ஓட்டுனது அத்தனையும் போயிரும்," என்றாள் அவள். "போனையாவது வீட்டுல வச்சிட்டு வாங்கன்னு சொல்லட்டுமா?"

"சொல்லலாம்," என்றார் முனிராஜ். "அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்துச் சொல்லுவியா?"

அவள் வேனை எடுத்தாள். இடதுபக்கம் இறங்கினாள். அரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது வேன். மூன்றாம் நாள் பால் ஊற்றுவதற்கும் ஊரே போனது. அதற்கும் அவள்தான் மூன்று நடை ஓட்டினாள். மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவை அஞ்சு வருஷம் பத்திரமாகக் கூட்டிவந்தீர்கள் அக்கா என்றாள். நாகவேணிக்கு அந்தக் கையை விடுவிக்கவும் முடியவில்லை, அதே கையைத் திருப்பிப் பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை.

அக்டோபர் இருபதில் இறுதிக் கோடு வெளியானது. கெங்கசந்திரம் அந்தப் பக்கம். எழில்வேந்தன் தானாகவே போன் செய்தார். பன்னிரண்டாம் தேதி திரையில் பார்த்தபோதே தெரிந்துவிட்டது, சொல்ல மனம் வரவில்லை என்றார். ஆறாம் தேதிவரை ஊர் இந்தப் பக்கம்தான் இருந்தது என்று சொல்லவந்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

நவம்பர் ஒன்று ஞாயிறுபோல அமைதியாகக் கழிந்தது. ஊர்ப்பலகையில் இரண்டு பேர் வந்து புதுப் பெயிண்ட் அடித்தார்கள். ஜனங்கள் நின்று பார்த்தார்கள், பிறகு வேலையைப் பார்க்கப் போனார்கள். டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் அக்டோபர் இருபதுக்குப் பிறகே ஓசூர் மெஷின்களை விட்டுவிட்டு மறுபடி ஆனேகெரேக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். வாரம் மூன்று நாள் ஆனதும் முனிராஜின் முக வீக்கம் வடிந்திருந்தது. புது மாநிலத்தின் பட்டியலில் பதிவு செய்ய ஒரு தரம் போய்வந்தார்கள். பழைய மாநிலத்திலிருந்து விவரங்கள் பதினைந்தாம் தேதிதான் வரும், அதன் பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஐந்தாம் தேதி காலை ஆனேகெரேக்குப் போய்க்கொண்டிருந்தபோது முனிராஜின் போன் அடித்தது. அவர் முன்சீட்டில் இருந்தார். பின்னால் ஜபருல்லாவும் மற்ற இருவரும். முனிராஜ் போனைச் சத்தமாக வைத்தார். பழைய பட்டியல் அலுவலகத்துப் பெண்.

"முனிராஜ் சாரா? உங்களுக்கு முன்னாடி இருந்தவருக்குக் காய்ச்சல் சார். இப்ப நீங்கதான். சேலத்துல ஒரு விபத்து, வீட்டுல சம்மதம் குடுத்துட்டாங்க. ரத்தம் பொருந்துது. எதுவும் சாப்பிடாம உடனே கிளம்பி வாங்க. அஞ்சு மணி நேரத்துல சேலம் ஆஸ்பத்திரியில இருக்கணும்."

நாகவேணி வேனை ஓரம் கட்டியிருந்தாள். அடுத்த கணம் ஸ்டீரிங்கை ஒடித்துத் திருப்ப ஆரம்பித்தாள். பின்சீட்டில் யாரோ "போம்மா, போ" என்றார்கள். தங்களுக்கு அன்றைக்கு மெஷின் தவறிப்போகும் என்பதை அவர்களில் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. பாதை குறுகல். வேன் குறுக்காக நின்றது, முன்சக்கரம் பள்ளத்தின் விளிம்பில்.

"ஒரு நிமிஷம்மா," என்றார் முனிராஜ் போனில். "எங்க ஊரு ஒண்ணாந் தேதியே கர்நாடகத்துக்குப் போயிருச்சு. கெங்கசந்திரம். அங்க என் பேரு இன்னும் இருக்குதா?"

எதிர்முனையில் விசைகளைத் தட்டும் ஓசை மட்டும் கேட்டது. நாகவேணியின் கை கியரின் மேல் அப்படியே நின்றது.

"ஏன் சார் சொன்னீங்க?" என்றாள் அந்தப் பெண். அவள் குரல் மாறிவிட்டிருந்தது. "பதினஞ்சாந் தேதிதான் பேரை எடுப்பாங்க. அதுவரைக்கும் இங்க உங்க பேருதான் இருக்குது. யாரும் கேட்டிருக்க மாட்டாங்க சார். நான் கேட்டிருக்க மாட்டேன்."

"இப்பவும் கேக்காத மாதிரி இருந்துக்கோங்கம்மா," என்று நாகவேணி போனை நோக்கிக் குனிந்து சொன்னாள். "நாங்க வந்துடறோம். நான் ஓட்டிருவேன்."

"இந்தப் பேச்செல்லாம் பதிவாகுதுக்கா," என்றாள் அந்தப் பெண்.  மன்னித்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு முறை சொன்னாள். அடுத்த ஆளைக் கூப்பிடவேண்டும், நேரமாகிறது என்றாள். போன் அணைந்தது.

 நாகவேணி கணவரைப் பார்த்தாள். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை.

"ஏங்க..." என்றாள்.

"அங்க போய்ப் படுத்தப்பறம் தெரியவந்தா, யாருக்குமில்லாம அந்தக் கிட்னி கெட்டுப்போயிருமேன்னு நெனச்சேன்," என்றார் முனிராஜ்.  போனைச் சட்டைப்பையில் வைக்கப் பார்த்து, இரண்டு முறை தவறி, மடியில் வைத்துக்கொண்டார். "பாக்கவே மாட்டாங்கன்னு எனக்கு எப்படி வேணி தெரியும்?"

பின்னாலிருந்து ஒரு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. வேன் பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. நாகவேணிக்குப் பின்பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரியவில்லை, கண்ணாடி மங்கலாகத் தெரிந்தது. ஜபருல்லா கதவைத் திறந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். லாரிக்காரனைப் பார்த்துக் கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னார். பிறகு வேனின் பின்னால் போய் நின்று பக்கவாட்டில் தட்டினார்.

"வரட்டும்மா. வரட்டும். இடம் இருக்குது," என்றார். "போதும். இப்ப ஒடிச்சு நேராக்கு."

அவள் ஒடித்தாள். வேன் ஆனேகெரேயைப் பார்த்து நின்றது. ஜபருல்லா மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தும்வரை காத்திருந்துவிட்டு, அவள் வண்டியை எடுத்தாள். மெஷினுக்கு ஏற்கெனவே பத்து நிமிடம் தாமதமாகியிருந்தது.